சுவரில் பொருத்தும் பணிமேசை

பின்விளிம்பு சுவரோடு இறுகப் பிணைக்கப்பட்டு, கால்கள் இல்லாமலோ முன்பக்கம் மட்டும் கால்களோடோ அமையும் பட்டறை மேசை இது. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் வீட்டுக் கார் கொட்டகைகளில் பரவலாகக் காணப்படுகிறது. அக்கொட்டகைகளின் தரை, தண்ணீர் வடிவதற்காகக் கதவை நோக்கிச் சரிவாகப் போடப்படுவதால் நான்கு கால் மேசை மட்டமாக நிற்காமல் சாயும். சுவரில் மாட்டிய மேசைக்கு அந்தத் தொல்லை இல்லை. அடியில் பெருக்குவதும் எளிது.

உறுதிக்காகத் தடித்த பலகையைத் தேடுவோர் பலர். ஆனால் இத்தகைய மேசை பெரும்பாலும் தோற்பது பலகையில் அல்ல, சுவரோடு சேரும் இடத்தில்தான். கால்கள் இல்லாமல் தாங்கிகளில் நிற்கும் 60 செ.மீ. அகல மேசையின் முன்விளிம்பில் 100 கிலோ எடை ஏறுவதாகக் கொள்வோம். தாங்கிகளின் உயரம் 15 செ.மீ. என்றால், மேல் திருகுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு மொத்தம் ஏறத்தாழ 400 கிலோ. தாங்கியின் உயரம் 60 செ.மீ. என்றால் அந்த இழுப்பு 100 கிலோவாகக் குறைந்துவிடும். 45 பாகைச் சாய்வில் முட்டுக் கொடுப்பதன் காரணம் இதுதான்: முட்டின் அடிமுனை சுவரை அழுத்துகிறது, மேல்முனையில் மட்டுமே இழுப்பு.

அமெரிக்க, கனடிய வீட்டுச் சுவர்களுக்குள் பொதுவாக 16 அங்குல இடைவெளியில் மரச்சட்டங்கள் நிற்கும். மேலே மூடிய ஜிப்சம் பலகை எடை தாங்காது. எனவே 38 × 89 மி.மீ. கட்டை ஒன்றைக் கிடையாக வைத்து, ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு தடித்த திருகுகளால் முடுக்குவார்கள். மரம் பிளக்காதிருக்க முன்துளை அவசியம். செங்கல் சுவரானால் ஆங்கர் போல்ட் பொருத்த வேண்டும். அது பூச்சையும் கலவை இணைப்பையும் நம்பாமல் செங்கல்லின் உடலுக்குள் இறங்க வேண்டும். துளையிடுமுன் சுவருக்குள் மின்கம்பி ஓடும் தடத்தை அறிந்துகொள்வது கட்டாயம்.

மேற்பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டிச் சேர்த்தால் போதும். உயரம் வழக்கமாக 85 முதல் 95 செ.மீ.; கைகளைத் தொங்கவிட்டு நிற்கையில் மணிக்கட்டு வரும் மட்டம் பலருக்கு வசதியானது. வைஸை இரண்டு முட்டுகளின் நடுவே வைக்காமல், ஒரு முட்டின் நேர்மேலே பொருத்த வேண்டும்.

கீல் வைத்து மடக்கும் வகையும் உண்டு. கார் நிற்கும் இடத்தில் லேசான வேலைக்கு அது ஏற்றது. இழைப்பதற்கும் சம்மட்டியால் அடிப்பதற்கும் அது உதவாது. அவ்வேலைகளுக்கு நிலையான மேசையும், மட்டம் சரிசெய்யக்கூடிய முன்கால்களும் தேவை.