பறித்த துப்பாக்கி எங்கே போகிறது?

ஏற்காட்டுக்கு ஏறிச் செல்வோர் ஏரியைக் காண்பர். காப்பித் தோட்டத்தைக் காண்பர். குளிர்காற்றை நுகர்ந்து திரும்புவர். தோட்டங்களுக்கு அப்பால், சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் வாழும் மலையாளி மக்களைக் கண்டு பேசித் திரும்புவோர் சிலரே. கேரளத்தார் அல்லர் அவர்கள். மலைவாழ்வால் அப்பெயர் பெற்ற தமிழ் பேசும் மக்கள். அவர்தம் விளைநிலத்தில் காட்டுப்பன்றி புகும், காட்டெருமை மேயும். அவற்றை விரட்ட மலையூர்களில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. குழல்வாய் வழியே மருந்து கிட்டித்துச் சுடும் பழைய கருவி அது. அதன் வரலாற்றைக் கேட்டால், அரசுகள் பறிக்கும் ஆயுதங்கள் அனைத்தின் வரலாறும் விளங்கும்.

தமிழகத்தில் 1801இல் பேரளவில் ஆயுதப் பறிப்பு நடந்தது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டு ஓராண்டு கூட ஆகவில்லை. இரண்டு திங்களும் ஆகவில்லை. டிசம்பர் முதல் நாள் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை விடுத்தான். தென்சீமையினர் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், வைத்திருப்போர்க்கு மரணம்! கோட்டைகள் இடிக்கப்பட்டன. பறித்தவன் எவனோ, அவனே உடைமையாளன். கணக்குக் கேட்க மக்களுக்கு உரிமை ஏது?

சேலம் சீமை 1792லேயே திப்புவிடமிருந்து கும்பெனிக்குக் கைமாறியிருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை நட்டார். தோட்டம் வளர்ந்தது, தோட்டத்துரைமார் வந்தனர். பின்னர் 1878இல், லிட்டன் வைசிராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் வந்தது. இந்நாட்டவன் துப்பாக்கி வைக்க லைசென்சு வேண்டும், ஐரோப்பியனுக்கோ விலக்கு! ஒரே மலை, ஒரே பன்றி, ஒரே விதத் துப்பாக்கி. துரையின் தோளில் தொங்கினால் அது வேட்டைக் கருவி. மலையாளியின் குடிசையில் இருந்தால் அது குற்றச் சான்று. இரும்புக்கு இனமில்லை, தோழர்களே! இரும்பைத் தொடும் கைக்கு இனம் வகுத்தது அச்சட்டம்.

விடுதலைக்குப் பின், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு நல்ல விதி உண்டு. உண்மையான பயிர்க்காப்புக்காகக் குழல்வாய்த் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு லைசென்சு வழங்க வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. இவ்வுரிமை மலையூருக்கு எட்டியதா? படிப்பறியா உழவனுக்கு மனு எழுதித் தந்தவர் எத்தனை பேர்? லைசென்சில்லாத துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்ற அறிவிப்பு மட்டும் மலையேறி வருகிறது.

இனிப் பறித்தபின் என்ன? வண்டியையும் கப்பலையும் நிறுத்திச் சோதிக்க 23ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தண்டனை விதித்த நீதிமன்றம் ஆயுதத்தையும், அதைச் சுமந்த வண்டியையும், மறைத்த பெட்டியையும் பறிமுதல் செய்யலாம் என்கிறது 32ஆம் பிரிவு. மேல்முறையீட்டில் தண்டனை நீங்கினால் பறிமுதலும் செல்லாது. கடத்தல் சரக்காகச் சுங்கத்தார் பறிமுதல் செய்தால், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி அது மத்திய அரசின் உடைமை. ஆக, கிளைவின் ஆணைக்கும் இச்சட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: இடையில் நீதிமன்றமும் எழுத்தும் நிற்கின்றன. அந்த வேறுபாடு சிறிதன்று, அதுதான் குடியாட்சி.

உலகைப் பாருங்கள். 2001இல் ஐ.நா. பொதுப்பேரவை ஏற்ற துப்பாக்கி உடன்படிக்கை, கள்ளக்கடத்தலில் பிடிபட்டவற்றை அழிப்பதையே பொது விதியாக்கிற்று. வேறு வழியில் பயன்படுத்த முறைப்படி அனுமதி வேண்டும். ஆயுதத்தில் அடையாளம் பொறிக்க வேண்டும். கைமாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஏமனுக்குச் சென்ற ஈரானியச் சரக்கை அமெரிக்கக் கடற்படை 2022 டிசம்பரில் மறித்தது. அதிலிருந்த சுமார் 11 இலட்சம் தோட்டாக்கள் 2023 அக்டோபரில் உக்ரைனுக்குச் சென்றன. அதற்கு முன், உரிமையியல் பறிமுதல் வழக்கு வழியாக அவற்றைத் தன் உடைமையாக்க வேண்டியிருந்தது வல்லரசுக்கும். ஒரு போருக்கென ஏற்றிய குண்டு மற்றொரு போரில் வெடிப்பது அறமா என்பது பெரிய கேள்வி. ஆனால் எங்கே போயிற்று என்று உலகம் அறிந்ததால்தான் அக்கேள்வியையே கேட்க முடிகிறது.

நாம் கேட்பது அதுவே. ஆயுதம் பெருகட்டும் என்று நாம் கூறவில்லை. கள்ளத் துப்பாக்கி ஒழியத்தான் வேண்டும். ஆனால் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். அழித்ததற்குப் பதிவு வேண்டும். அப்பதிவைக் குடிமகன் பார்க்க வழி வேண்டும். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் நிற்கும் மலையுழவனின் பயிருக்குக் காப்பும், அழிந்த பயிருக்கு இழப்பீடும் வேண்டும். அடுத்த முறை ஏற்காட்டுக்குச் செல்லும் இளைஞர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல், ஒரு மலையூருக்கும் செல்லட்டும். 13ஆம் பிரிவைப் படித்துக் காட்டட்டும். சட்டத்தை ஆள்வோர் மட்டும் அறிந்திருந்தால் அது சாட்டை. ஆளப்படுவோரும் அறிந்தால் அது கேடயம்.