ஆழிப்பேரலையும் மீரியபெத்தையும்: பொறுப்பு எவருடையது?

இலங்கையில் கடல் கரைமீறி வந்ததைப் பற்றிய மிகப் பழைய கதை மகாவம்சத்தில் உள்ளது. களனியை ஆண்ட திஸ்ஸ மன்னன் குற்றமற்ற தேரர் ஒருவரைக் கொல்வித்தான் என்றும், அதனால் சினங்கொண்ட கடல் தெய்வங்கள் அவனது நாட்டினுள் கடலைப் புகவிட்டன என்றும் அந்நூல் கூறுகின்றது. குற்றம் புரிந்தவன் மன்னன். கடலின் சினத்தைத் தணிப்பதற்காகப் படகில் ஏற்றி அனுப்பப்பட்டவளோ அவனது மகள். அப்பெண்ணே பின்னர் உருகுணையில் கரைசேர்ந்து, துட்டகைமுனுவைப் பெற்ற விகாரமகாதேவி ஆனாள் என்பது கதை.

இதன் வரலாற்று உண்மையை ஆய்வாளர்கள் ஆராயட்டும். நான் இங்கு கவனத்திற் கொள்ள விரும்புவது ஒன்றைத்தான். பேரழிவுக்கு யார் பொறுப்பு, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற இரு வினாக்களுக்கும் விடைகள் வெவ்வேறாக இருப்பது இத்தீவில் புதிய வழக்கமன்று.

நிலம் நடுங்குவதற்கும் மழை கொட்டுவதற்கும் எவரும் பொறுப்பாளியாக முடியாது. ஆனால் இயற்கையின் சீற்றம் மனிதப் பேரழிவாக மாறுகின்ற இடத்தில் மனிதர்களின் கை இருக்கவே செய்கிறது. அந்தக் கை எவருடையது என்று கேட்கும்போதுதான் "எல்லோருக்கும் பொறுப்பு உண்டு" என்ற பதில் வருகின்றது. நியாயமானது போலத் தோன்றும் இப்பதில், பல வேளைகளில் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்பதன் மறுவடிவமாகவே முடிந்துவிடுகின்றது. 2004 ஆழிப்பேரலையையும் 2014 மீரியபெத்த மண்சரிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

இரண்டு மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி விடுமுறையும் அன்றுதான். முதல் நாள் நத்தார். அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில், 7.14 அளவில், முதலாவது அறிவித்தலை வெளியிட்டது. நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றும் பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் அது கூறியது. 8.04 மணிக்கு வெளியான இரண்டாவது அறிவித்தலில் அளவு 8.5 ஆக உயர்த்தப்பட்டதுடன், மையத்துக்கு அண்மையில் சுனாமி எழும் சாத்தியமும் குறிப்பிடப்பட்டது. உண்மையான அளவு 9.1 என்பது பின்னரே தெரியவந்தது.

அந்த நிலையம் 1949 இல் பசுபிக் சமுத்திரத்துக்கென அமைக்கப்பட்டது. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய ஓர் ஏற்பாடு 2004 இல் இருக்கவில்லை. இந்து சமுத்திர நாடுகளில் எவருக்கு, எந்த வழியில் எச்சரிக்கை அனுப்புவது என்பதற்கு ஒழுங்குமுறை எதுவும் கிடையாது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இலங்கைக் கரையிலும் கடல் உள்வாங்கித் திரும்பியது பதிவாகியுள்ளது. ஆனால் அது ஏட்டுக்குள் உறங்கிய செய்தியாகவே இருந்தது. சுமாத்திராவுக்கு அருகிலுள்ள சிமெலூ தீவு மக்கள் மட்டும் 1907 இன் பேரலையை 'ஸ்மொங்' என்ற சொல்லாலும் பாட்டாலும் தலைமுறைதோறும் நினைவிற் காத்துவந்தனர். நிலம் நீண்ட நேரம் ஆடியதும் அவர்கள் குன்றுகளுக்கு ஓடினார்கள். சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அன்று இறந்தோர் ஏழு பேர்.

கண்டிக்கு அருகில் பல்லேகலையில் நிலநடுக்கப் பதிவுக் கருவி இருந்தது. உலக வலையமைப்பின் ஓர் அங்கமான அது அன்றைய அதிர்வைப் பதிவு செய்தது. அந்தப் பதிவைப் பார்த்து ஆபத்தை உணர்ந்து நாட்டுக்கு அறிவிக்க வேண்டிய கடமையை எவரிடமும் எந்தச் சட்டமும் ஒப்படைத்திருக்கவில்லை.

கிழக்குக் கரையை அலைகள் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் தாக்கின. கல்முனை, மருதமுனை, காரைதீவு, நாவலடி, முல்லைத்தீவு என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் மூழ்கின. கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் பெரலியவில் கடலுக்கு இரையானது ஒன்பதரை மணியளவில். அதாவது, கிழக்கில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பின்னரும் அரை மணி நேரத்துக்கு மேல் அந்த வண்டி தென்மேற்குக் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை அம்பலாங்கொடையில் நிறுத்த மருதானையிலிருந்து முயற்சி செய்யப்பட்டதாகவும், நிலைய ஊழியர்கள் வண்டியின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததால் தொலைபேசியை எடுக்க ஆளிருக்கவில்லை எனவும் பின்னர் செய்திகள் வெளியாகின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு மாண்டனர்.

இனிக் கணக்குப் பார்ப்போம். ஹவாய் நிலையம், தனது பொறுப்பு பசுபிக் மட்டுமே என்று சொல்லலாம். நிலநடுக்கத்தைக் கண்காணிப்போர், கடலைக் கண்காணிப்பது தமது வேலையல்ல எனலாம். வளிமண்டலவியல் திணைக்களம், சுனாமி தனது பட்டியலில் இல்லை எனலாம். புகையிரதப் பகுதியினர், தமக்கு எவரும் சொல்லவில்லை எனலாம். இவற்றில் ஒன்றுகூடப் பொய்யன்று. ஆனால் இந்த நியாயங்கள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் கிடைக்கும் விடை, இலங்கையில் மட்டும் இறந்தோரும் காணாமற் போனோருமாக 35,000 க்கும் மேற்பட்ட மனிதர்கள். அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

பகிர முடியாத நிவாரணம்

எச்சரிக்கை இல்லாமற் போனதற்காவது அறியாமையைக் காரணமாகக் கூறலாம். அதன் பின்னர் நடந்தவற்றுக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. மீண்டும் அதே கடலை நம்பிப் பிழைக்க வேண்டிய மீனவன் எங்கே குடியேறுவது என்ற வினாவுக்கு விடை கிடைக்கு முன்னரே எல்லைக்கோடு வந்துவிட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது.

நிவாரணத்தைப் பகிர்ந்தளிக்க அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 இல் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டனர். அதனை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி அதற்கு முன்னரே அரசாங்கத்திலிருந்து வெளியேறியிருந்தது. ஜூலை 15 இல் அதன் முக்கிய பகுதிகளுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பேரிழப்பைச் சந்தித்த முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள், தம்மைக் கைச்சாத்திடும் தரப்பாகச் சேர்த்துக்கொள்ளாதது அநீதி என்றனர், அக்குறை நியாயமானதே. கட்டமைப்பு காகிதத்திலேயே நின்றுபோனது. தென்னிலங்கைக் கட்சிகள், கொழும்பு அரசாங்கம், விடுதலைப் புலிகள் என ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பின் தவறைச் சரியாகவே சுட்டிக்காட்டியது. முகாமில் கூரையின்றி இருந்தவனுக்கு அந்தச் சுட்டுவிரல்களால் என்ன பயன்?

ஒரு நன்மை விளைந்தது. 1990களிலிருந்தே பேசப்பட்டுவந்த அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005 மே மாதத்தில் நிறைவேறியது. ஜனாதிபதி தலைமையில், பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் அங்கம் வகிக்கும் தேசிய பேரவையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதன் கீழ் உருவாகின. கடமை எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது என நாடு நம்பியது.

எச்சரிக்கை இருந்தும்

சட்டம் வந்த அதே 2005 ஆம் ஆண்டில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்ட லயன்கள் ஆபத்தான சரிவில் இருப்பதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. 2011 இல் மீண்டும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29 காலை, ஏழரை மணி கடந்த வேளையில், அடைமழையில் ஊறிய மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களில் சிலருக்குப் பெற்றோர் இல்லை, வீடும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் புதையுண்டதாக முதலில் அஞ்சப்பட்டது. பின்னர் அத்தொகை குறைந்தது. ஆனால் பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை.

2004 இல் இல்லாதிருந்த அனைத்தும் இங்கே இருந்தன. சட்டம் இருந்தது. நிலையம் இருந்தது. விஞ்ஞான ஆய்வு இருந்தது. எழுத்திலான எச்சரிக்கையும் ஒன்பது ஆண்டு கால அவகாசமும் இருந்தன. அப்படியாயின் எங்கே பிழைத்தது?

மலையகத்தின் நிர்வாக அமைப்பை அறிந்தவர்களுக்கு விடை தெரியும். தோட்டக் காணி அரசுக்குரியது. 1992 முதல் அதனை நிர்வகிப்பவை பெருந்தோட்டக் கம்பனிகள். அவற்றின் கையில் இருப்பது நீண்டகாலக் குத்தகை. லயனில் வாழும் தொழிலாளிக்கு அங்கே ஒரு பேர்ச் காணிகூடச் சொந்தமில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு காரணமாகத் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடப் பிரதேச சபைகள் தடுக்கப்பட்டிருந்தன. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018 இல்தான், அதாவது மீரியபெத்த சரிந்து நான்கு ஆண்டுகளின் பின்னர்.

ஆகவே ஆய்வு நிறுவனம் எச்சரிக்கலாம், அகற்ற முடியாது. அனர்த்த நிலையம் அறிவுறுத்தலாம், காணி வழங்க முடியாது. கம்பனி காணியை நிர்வகிக்கலாம், வீட்டுத்திட்டம் அரசின் கடமை என்று கைவிரிக்கலாம். பிரதேச சபை பார்த்திருக்க மட்டுமே முடியும். மக்களின் வாக்குகளைப் பெற்ற அரசியல் தலைமைகளும் தொழிற்சங்கங்களும் ஆண்டுதோறும் கோரிக்கை விடுக்கலாம். இறுதியில், "வெளியேறச் சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை" என்ற வாக்கியம் மட்டும் மிஞ்சியது.

எங்கே வெளியேறுவது? வேலை அந்தத் தோட்டத்தில். பிள்ளைகளின் பாடசாலை அதன் அருகில். போக்கிடம் காட்டாமல் விடுக்கப்படும் எச்சரிக்கை, கொடுப்பவரின் கோப்பைக் காப்பாற்றுமே தவிர, பெறுபவரின் உயிரைக் காப்பாற்றாது. மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டு உயிர் பிழைத்தோரிடம் கையளிக்கப்பட்டது 2016 இல். இரண்டே ஆண்டுகளில் செய்து முடிக்கக் கூடியதாக இருந்த அந்த வேலை, அதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில் ஏன் நடைபெறவில்லை என்பதே இந்த விடயத்தில் கேட்கப்பட வேண்டிய வினா.

பலியாடும் பொதுப்பழியும்

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. இத்தாலியின் லக்குயிலா நகரில் 2009 ஏப்ரல் 6 இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 300 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்கூட்டியே மக்களுக்குத் தவறான ஆறுதல் கூறப்பட்டது என்ற வழக்கில் ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் 2012 இல் தலா ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2014 இல் மேன்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுவிக்கப்பட்டனர். அதிகாரியின் தண்டனை மட்டும் குறைக்கப்பட்ட அளவில் நின்றது. துயருற்ற ஒரு நகரம் நீதி கேட்டதில் தவறில்லை. ஆனால் சில தனிமனிதர்களைக் கூண்டில் நிறுத்துவதால், நலிந்த கட்டடங்களை நிற்கவிட்ட அமைப்பு முழுவதும் விசாரிக்கப்பட்டதாகிவிடாது.

ஒருவரைப் பலியாடாக்குவதும் எல்லோரையும் குற்றவாளியாக்குவதும் ஒரே இடத்துக்கே இட்டுச் செல்கின்றன. இரண்டிலும் உண்மையான கணக்கு எடுக்கப்படுவதில்லை. பொறுப்பைப் பகிர்வது என்றால் அதனைச் சம பங்காகக் கூறுபோடுவது அன்று. ஆபத்தை அறிந்திருந்தவர் யார், தடுக்கும் அதிகாரம் பெற்றிருந்தவர் யார், அதற்கான வசதி யாரிடம் இருந்தது என்ற மூன்று வினாக்களுக்கும் பெயரும் திகதியும் இட்டு விடை காண்பதே பகிர்வு. மீரியபெத்தத் தொழிலாளிக்கு ஆபத்து தெரிந்திருக்கலாம். அதிகாரமும் வசதியும் அவரிடம் இல்லை. அவரது பங்கு மிகச் சிறியது. மூன்றும் ஒருங்கே இருந்தவர்கள் மேலே இருந்தார்கள். பங்கும் அங்கேதான் பெரியது.

இதில் பத்திரிகைத் துறைக்கும் ஒரு பங்குண்டு. மலை சரிந்த மறுநாள் முதற்பக்கத்தில் எட்டுப் பத்தி கிடைக்கின்றது. மலை சரியக்கூடும் என்ற ஆய்வறிக்கைக்கு உட்பக்கத்தின் ஓரத்தில்கூட இடம் கிடைப்பது அரிது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையிலும் மண்சரிவுகளிலும் இத்தீவு 600 க்கும் மேற்பட்டோரை இழந்தது. மலையகச் சரிவுகள் மீண்டும் மனிதர்களை விழுங்கின. ஒவ்வொரு தடவையும் நாடு அள்ளிக் கொடுக்கின்றது. இனம், மதம் பாராமல் சோற்றுப் பொதிகள் போகின்றன. அந்த மனிதநேயத்தைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் சோற்றுப் பொதி மறுநாள் வரைதான். ஆபத்தான சரிவு என்று இன்று பட்டியலிடப்பட்டிருக்கும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் நேரே, அம்மக்களுக்கு மாற்றுக் காணி வழங்க வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயரும் அதற்கான கடைசித் திகதியும் எழுதப்பட்டு, அப்பட்டியல் மூன்று மொழிகளிலும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அந்தத் திகதி கடந்த பின்னர் மலை சரிந்தால், பொறுப்பு எவருடையது என்று கேட்டு இன்னொரு விசாரணைக்குழு அமைக்க வேண்டிய தேவை இராது.