நிலையும் கீலும்

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பிகளின் பட்டறை ஒன்றின் திண்ணையில் அமர்ந்து, தேக்குப் பலகைக்குள்ளிருந்து ஒரு யாளியின் தாடை உளிமுனையில் மெல்ல மெல்ல வெளிப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த புதிய வாசற்கதவு ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. நிலை முடிந்திருந்தது, கதவும் முடிந்து, தாமரையும் கொடியும் செதுக்கி எண்ணெய் பூசியாகிவிட்டது, ஆனால் அது திறந்து மூடுவதற்கு வேண்டிய கீல் மட்டும் இல்லை. விசாரித்தேன். “கீல் நாங்க செய்யறதில்லைங்க, கடையில வாங்கித்தான் அடிக்கணும்” என்றார் ஆசாரி. 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத்துக்கு உரிமை கொண்டாடும் ஊரிலும், கதவைக் கதவாக்கும் அந்த இரும்புத் துண்டு வேறொருவர் கைவேலைதான் என்று அறிந்தபோது, முற்றிலும் வேறொரு தொழிலின் சரித்திரம் என் நினைவுக்கு வந்தது. இணையப் பக்கங்களுக்குக் கீல் வந்து சேர்ந்த கதை அது.

1991ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குத் திறந்துவைத்த இணையம், திருக்கோவலூர்க் கோயிற் சுவரில் சோழர்கள் வெட்டிவைத்த சாசனங்களைப் போன்றது. படிக்கலாம், ஒரு சாசனத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம், ஆனால் தொட்டால் அது அசையாது. அசைவைக் கொண்டுவந்தவர் பிரெண்டன் ஐக். 1995ஆம் வருஷம் மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பத்தே நாட்களில் அவர் எழுதி முடித்த மொழிக்கு முதலில் மோக்கா என்றும், பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் நாமகரணம் செய்து, அவ்வாண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயரை நிலைப்படுத்தினார்கள். ஜாவா என்னும் மற்றொரு மொழியின் புகழை ஒட்டி வைத்த பெயரேயன்றி, இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதிதான் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய வசதியை அளித்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், பக்கங்கள் அசையத் தொடங்கிய காலமும் நம் தேசம் அவற்றைப் பார்க்கத் தொடங்கிய காலமும் ஒன்றே என்று சொல்லிவிடலாம்.

ஆனால் தமிழனுக்கு அப்போது வேண்டியிருந்தது அசைவு அன்று, எழுத்து. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு குறியீட்டு முறையையும் அதற்கேற்ற எழுத்துருவையும் வைத்துக்கொண்டிருந்தபடியால், அந்த எழுத்துருவை இறக்கி நிறுவாதவர் கண்ணுக்குத் தமிழ்ப்பக்கம் வெறும் ஐரோப்பியக் குறிகளின் குப்பையாகவே தோன்றும். அதிராம்பட்டினத்து உமர்தம்பி, படிப்பவர் எதையும் நிறுவாமலே பக்கத்தோடு தானாக வந்து இறங்கும் ‘தேனீ’ என்ற இயங்கு எழுத்துருவை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். 2006ஆம் ஆண்டில் அவர் காலமானார். புலம்பெயர்ந்து வாழ்ந்த சுரதா யாழ்வாணன், பழைய குறியீட்டுக் குப்பையை ஒரு பெட்டியில் ஒட்டினால் மற்றொரு பெட்டியில் யூனிகோடுத் தமிழாக மாற்றித் தரும் பக்கங்களை ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதி வைத்தார். மேல்நாட்டில் இந்த மொழியைக் கொண்டு பொத்தான்களை மின்னவைத்துக்கொண்டிருந்தபோது, நம்மவர் அதே மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பிரயோகித்தார்கள் என்பதை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். இத்துறையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இவ்விஷயத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

மொழி ஒன்றாயிருந்தும், பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகள் ஒன்றாயில்லை. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஒரு பொத்தானை அழுத்தியதை அறிய ஒரு சொல். மற்ற உலாவிகளில் அதற்கு வேறொரு சொல். ஒரே கீலை இரண்டு அளவில் அடித்து, வீட்டுக்காரர் எந்த நிலை வைத்திருக்கிறார் என்று பார்த்துப் பொருத்துகிற அவஸ்தையிலிருந்து தொழிலாளரை விடுவித்தது, ஜான் ரெசிக் என்ற இளைஞர் நியூயார்க்கில் கூடிய ஒரு சபையில் 2006 ஜனவரி 14 அன்று வெளியிட்ட ஜெக்வெரி. அன்று நமக்குப் பொங்கல். அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஜெக்வெரி உலாவிகளின் பேதங்களையெல்லாம் தன் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டதோடு, பிறர் செய்த சிறு நிரல்களைத் தன் மீது செருகிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. செருகுநிரல் என்னும் குடிசைத்தொழில் பல்கிப் பெருகியது அதன் பிறகே. நாட்காட்டி ஒருவர் செய்தார். ஓடும் படவரிசையை நூறு பேர் செய்தார்கள்.

அவற்றுள் நமக்கு நெருக்கமான ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2012 வாக்கில் விக்கிமீடியாவின் மொழிப் பொறியியல் குழு, ஜெக்வெரியின் மீது செருகத்தக்க ஓர் எழுத்து உள்ளீட்டு நிரலை ஆக்கியது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் புகுந்தவர், கண்ட்ரோலையும் எம்மையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஆங்கில விசைப்பலகை அந்தக் கணமே தமிழுக்கு மாறிவிடும். 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையும் அதில் உண்டு. ஒலிபெயர்த்துத் தட்டுகிற முறையும் உண்டு. தட்டச்சுப் பயிலாத ஒருவர் ‘ammaa’ என்பதற்குரிய விசைகளை அழுத்த, பெட்டிக்குள் ‘அம்மா’ என்று எழுந்து நிற்பதை முதன்முதல் காணும்போது அவர் முகத்தில் உண்டாகும் வியப்பை, எந்தப் படவரிசையும் உண்டாக்கியதில்லை.

இனி நிலைக்கு வருவோம். ட்விட்டர் நிறுவனத்தில் பணிபுரிந்த மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும், உள்வேலைகளுக்கென்று செய்து வைத்திருந்த சட்டகத்தை 2011 ஆகஸ்டு 19 அன்று பூட்ஸ்ட்ராப் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பொத்தான், பட்டியல், படிவம், பத்திகளாகப் பிரித்த தளம் என்று நிலைவேலை அனைத்தும் அதில் தயாராகக் கிடைத்தது. பின்னர் அதனோடு செருகுநிரல்களையும் ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தார்கள். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவை பன்னிரண்டு. அழுத்தினால் கீழிறங்கும் பட்டி, பக்கத்தின் மேல் எழும்பி நிற்கும் பெட்டி, மடிந்து விரியும் பத்தி, தாவல், குறிப்புக்குமிழ் முதலியன அவற்றுள் அடங்கும்.

அதிசயம் எங்கேயென்றால், இவற்றுள் பெரும்பாலானவற்றை உபயோகிக்கிறவர் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வரிகூட எழுத வேண்டுவதில்லை. பொத்தானின் குறியில் ‘டேட்டா-டாகிள்’ என்று ஒரு பண்பைச் சேர்த்து, அதற்கு ‘கொலாப்ஸ்’ என்று மதிப்பு கொடுத்து, எந்தப் பத்தியை மடிக்க வேண்டுமோ அதன் அடையாளத்தை அருகில் குறித்துவிட்டால் வேலை தீர்ந்தது. அழுத்தும் ஓசை எழுந்ததும், பக்கத்தின் உச்சியில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் அந்தக் குறியைப் படித்து, உரிய பத்தியை விரித்து, கண் தெரியாதவர்க்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவிக்கும் ‘இப்போது விரிந்திருக்கிறது’ என்று தெரிவிக்கிறது. அன்று இருந்தது ஒரே ஒரு நிபந்தனை: கீல் பூட்ஸ்ட்ராப் கட்டில் இருந்தாலும், அதன் ஆணி ஜெக்வெரியினுடையது. ஜெக்வெரி முதலில், பூட்ஸ்ட்ராப் பிறகு என்ற வரிசை மாறினால் ஒரு கதவும் அசையாது. இந்த வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு, நள்ளிரவு வரை தலையைப் பிய்த்துக்கொள்ளாத இணைய வடிவமைப்பாளர் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தக் கட்டில் இருந்த ஓடும் படவரிசை குறித்து எனக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் உண்டு. முதற்படத்தைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாம் படத்தைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவது விருந்தோம்பல் ஆகாது. இலையில் சாம்பார் சாதத்தைப் பிசையும்போதே ரசத்தை ஊற்றுகிற பரிமாறலைப் போன்றது அது. என் ஆட்சேபத்தைக் கேட்டு எந்த இலாகாவும் தன் இணையப் பக்கத்தில் அதை நிறுத்திவிடவில்லை.

முதற்பதிப்புக்குப் பத்தாண்டுகள் கழித்து உலாவிகளிடையே பேதம் குறைந்துவிட்டபடியால், இரவல் ஆணிக்கு அவசியமில்லாமற் போயிற்று. 2021 மே மாதம் வெளியான ஐந்தாம் பதிப்பில் பூட்ஸ்ட்ராப் ஜெக்வெரியைக் கைவிட்டுத் தன் ஆணியைத் தானே அடித்துக்கொண்டது; ‘டேட்டா-டாகிள்’ என்பது ‘டேட்டா-பிஎஸ்-டாகிள்’ என்று மாறியது. சுருக்கி அனுப்பினாலும் ஏறத்தாழ 30 கிலோபைட் எடையுள்ள ஒரு மூட்டை, பயணத்தில் குறைந்தது. அதற்கு முன்பே மரத்திலேயே கீல் முளைக்கவும் தொடங்கியிருந்தது. மடிந்து விரியும் ‘டீடெயில்ஸ்’ என்னும் குறியை 2020 முதலும், மேலெழும் பெட்டிக்குரிய ‘டயலாக்’ என்னும் குறியை 2022 முதலும் முக்கிய உலாவிகள் யாவும் தாமே அறிந்துகொண்டன. செருகுநிரல் வராவிட்டாலும் அவை திறக்கும்; மூடும்.

முப்பது கிலோபைட் என்றால் சென்னைவாசி சிரிப்பார். கல்வராயன் மலையில் சிரிக்க முடியாது. 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. சர்க்காரின் காகிதமே அங்கு ஏறிச்சென்றது அதன் பிறகுதான். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாக உதயமானபோது, ஜில்லாவுக்கு ஆட்சியர் அலுவலகம் போலவே ஓர் இணையப் பக்கமும் வேண்டியிருந்தது. விண்ணப்பங்களும் திரைக்கு வந்துவிட்டன. ஆகவே மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் தம் பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்கு ஏறியிறங்க வேண்டிய படிகளில், கீழிறங்கு பட்டியும் ஒரு படியாகிவிட்டது.

வெள்ளிமலையில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலைவேளையில், கணினி வைத்து மனு எழுதிக் கொடுக்கும் கடை ஒன்றில் ஒதுங்கி நின்றேன். திரையில் பக்கம் வந்துவிட்டது, எழுத்து வந்துவிட்டது, வட்டம் என்ற பொத்தானும் வந்துவிட்டது. செருகுநிரல் மட்டும் இன்னும் மலையேறவில்லை. அந்தப் பொத்தானை அமைத்தவர், அதைப் பொத்தானாக அமைக்காமல், எங்கும் போகாத ஒரு வெறும் இணைப்பாக அமைத்திருக்க வேண்டும். கடைப்பையன் அழுத்திய ஒவ்வொரு முறையும் பட்டி இறங்குவதற்குப் பதிலாகப் பக்கம் மட்டும் உச்சிக்குத் துள்ளிப்போய் நின்றது. அவன் சுட்டியை உருட்டிக் கீழே வருவான், அழுத்துவான், அது மேலே போய்விடும்.

“என்ன தம்பி, வந்துடுச்சா?” என்று முக்காட்டைப் பிழிந்துகொண்டே கேட்டார் காத்திருந்த மூதாட்டி.

“இருங்க ஆயா, படம் வந்திருக்கு, உசுரு வரல” என்று சொல்லிவிட்டு, தன் கைப்பேசியை எடுத்துச் சன்னல் கட்டையில் மேற்குப் பார்த்துச் சாய்த்து, அது சரிந்துவிடாமல் ஒரு மாங்கொட்டையை அண்டைகொடுத்து வைத்தான்.