ஏடும் படியும்

வீட்டுக் கணினி பழுதுற்றபோது, முன்னரே படியெடுத்து வைத்தவற்றை மீட்க முயல்வோர் சிலர் வெறுங்கையராய் நிற்க நேர்கின்றது. படி இருந்தும் பயனில்லை என்னும் இந்நிலை கணினியோடு பிறந்ததன்று. பனையோலையில் நூல் எழுதிய நாளிலேயே தமிழறிஞர் இத்துன்பத்தை உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறே இதற்குச் சான்று பகர்கின்றது.

ஓலை நிலையற்றது. ஈரமும் செல்லும் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆதலின் பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிலே படியெழுதுதல் வழக்கமாயிற்று. ஆனால் எழுதுவோர் கண் பிறழின் ஓர் அடி விடுபடும். புள்ளியின்றி எழுதும் வழக்கத்தால் ஓரெழுத்து வேறோர் எழுத்தாய் மயங்கும். இவ்வாறு பிழைபட்ட படியிலிருந்தே மற்றொரு படி எழுதப்படுமாயின், பிழையும் உடன் வளரும். மூல ஏடு அழிந்த பின்னரே குறை வெளிப்படும். அப்பொழுது திருத்த வழியில்லை.

இக்கேட்டை எதிர்த்துப் பெருமுயற்சி செய்தவர்களுள் ஒருவர் சிறுப்பிட்டியிலே 1832 ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. நல்லூர் ஆறுமுக நாவலர் காட்டிய பதிப்பு நெறியிலே நின்று, அவர் வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். ஓரிடத்து ஏட்டை மாத்திரம் நம்பாது பலவிடத்து ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்வது அவர் கைக்கொண்ட முறை. ஓர் ஏட்டிலே சிதைந்த பகுதி மற்றோர் ஏட்டிலே நல்ல நிலையில் இருந்தால், குறை நிரம்பும்.

எனினும் மீட்பு முற்றுப்பெற்றதாகத் தோன்றிய இடத்திலும் பிழை மறைந்திருத்தல் கூடும். பொருளதிகாரத்து இறுதி இயல்களின் உரையும் நச்சினார்க்கினியருடையது என்றே 1885 ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளிவந்தது. அவ்வுரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் இரா. இராகவையங்கார் எடுத்துக்காட்டினார். உள்ளடக்கம் கிடைத்தது; பெயர் மாறியிருந்தது. மீட்ட பொருளை மீண்டும் சோதித்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இருபதாம் நூற்றாண்டிலே நூல்களைக் காக்கும் பொறுப்பு நூலகங்களுக்கு வந்தது. க. மு. செல்லப்பாவின் முயற்சியால் அரும்பிய யாழ்ப்பாணப் பொது நூலகம், 1959 ஆம் ஆண்டு புதிய எழிலார்ந்த கட்டடத்திற் குடிபுகுந்தது. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே தொடங்கிய வன்செயல்களிடையே, யூன் முதலாம் நாளை ஒட்டிய இரவிலே, காவற்றுறையினரும் காடையரும் அதற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன; ஓலைச்சுவடிகளும் அவற்றோடு சாம்பராயின.

அத்தீ எவற்றை உண்டது, எவற்றை உண்ண இயலவில்லை என்பது சிந்தித்தற்குரியது. மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்திலே இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. அது முன்னரே அச்சேறி, 1879 ஆம் ஆண்டு பிரித்தோவால் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டு, பல கைகளிற் பரவியிருந்ததே காரணம். வேறெங்கும் படியில்லாது அங்கே மாத்திரம் இருந்த சுவடிகளுக்கோ மறுபிறவி வாய்க்கவில்லை. கட்டடம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே புதுப்பிக்கப்பட்டது. புதிய நூல்களும் வந்து சேர்ந்தன. ஆயினும் சுவரை எழுப்பியது போலச் சுவடியை எழுப்புதல் எவர்க்கும் இயலாது.

2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படம்பிடித்து எவரும் பெறுமாறு வைத்து வருகின்றது. எரிந்தவற்றை அது மீட்கமாட்டாது, எஞ்சியவற்றைக் காக்கும்.

இவ்வரலாறு உணர்த்தும் விதிகள் எளியவை. படி ஒன்றாயின், அது படியே அன்று. மூலமும் படியும் ஒரே கூரையின் கீழிருப்பின், ஒரே தீ இரண்டையும் கொள்ளும். கணினிக்குள்ளேயே வைத்த படியும் அத்தகையதே. எடுத்த படியை மூலம் உள்ள காலத்திலேயே திறந்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். குடும்பப் படங்களாயினும், காணி உறுதியின் படியாயினும், எழுதி முடியாத நூலாயினும், அன்று ஏடு காத்தோர் கைக்கொண்ட நெறியே இன்றும் பொருந்தும்: பலவிடத்து வை; ஒப்பிட்டுப் பார்; காலம் தாழ்த்தாதே.