நடைமானி

நடைமானி என்பது ஒருவர் நடக்கும்போது எடுத்து வைக்கும் காலடிகளை எண்ணும் கருவி ஆகும். இது அடியெண்ணி, காலடிமானி எனவும் பெடோமீட்டர் எனவும் அழைக்கப்படுகிறது. முன்னர் இடுப்பு வாரில் செருகிக்கொள்ளும் சிறு பெட்டியாக இருந்த இக்கருவி, தற்போது பெரும்பாலும் திறன்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் உள்ளடங்கிய ஒரு பகுதியாகக் காணப்படுகிறது.

நடைமானி நேரடியாக உணர்வது உடலின் அசைவை மட்டுமே. நடந்த தொலைவு, செலவான ஆற்றல் ஆகியவை அவ்வசைவிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை. நடையும் வண்டிப் பயணமும் கலந்த ஒரு நாளில் இவ்வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் அன்றாடம் பயணம் செய்வோர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆவர்.

சொற்பொருள்

தமிழில் "அடி" என்னும் சொல் பாதத்தையும், எடுத்து வைக்கும் காலடியையும், 12 அங்குலம் கொண்ட நீட்டலளவையையும் குறிக்கும். குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் எடுத்து வைக்கும் அடி "காலடி" எனப்படுகிறது. சிற்றூர்களில் மனையையும் வயலையும் தோராயமாக அளக்கக் காலடியைப் பயன்படுத்தும் முறை "தப்படி போடுதல்" எனப்படும். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிட நேரம், நடந்து கடக்கும் தொலைவு "நாழிகை வழி" எனப்பட்டது. நடையைக் கொண்டு வழியை அளக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

வரலாறு

சங்கிலியும் தப்படியும்

இந்திய நிலத்தை முக்கோண முறையில் அளக்கும் பெரும் பணி சென்னையில் தொடங்கியது. பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே உள்ள பரங்கிமலைப் பகுதியில் 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியைக் கொண்டு சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இப்பணி பின்னர் வடக்கே இமயமலை வரை நீண்டது. அதற்கு அப்பால் இருந்த திபெத்துக்குள் ஆங்கிலேய அளவையாளர்கள் நுழைய இயலவில்லை. சங்கிலியையும் பெரிய கருவிகளையும் வெளிப்படையாக எடுத்துச் செல்லவும் வழியில்லை.

எனவே தாமசு மாண்ட்கோமரி என்னும் அளவைத்துறை அலுவலர், இமயமலைப் பகுதி மக்களைத் தேர்ந்து அவர்களுக்கு எண்ணி நடக்கப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். இவர்கள் "பண்டிதர்கள்" எனப்பட்டனர். இவர்களுள் புகழ்பெற்றவர் குமாவுன் பகுதியின் மிலாம் ஊரைச் சேர்ந்த நயின் சிங் ராவத் ஆவார். மேடாயினும் பள்ளமாயினும் ஒரே அளவாக, மைலுக்கு 2000 தப்படிகள் வரும்படி நடக்க அவர் பழகியிருந்தார். அதன்படி ஒரு தப்படி ஏறத்தாழ 80 செ.மீ. ஆகும். வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகள் கொண்ட செபமாலையை அவர் வைத்திருந்தார். 100 தப்படிக்கு ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 தப்படிகள், அதாவது 5 மைல். குறிப்புகள் வழிபாட்டு உருளைக்குள் மறைத்து வைக்கப்பட்டன. 1865 இல் புறப்பட்ட நயின் சிங் 1866 சனவரியில் லாசா நகரை அடைந்தார். 1877 இல் இங்கிலாந்தின் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

இவ்வாறே பயணம் செய்த கிசன் சிங் என்னும் பண்டிதர், வழியில் குதிரையில் ஏற நேர்ந்தபோது தம் தப்படிக் கணக்கை நிறுத்திவிட்டுக் குதிரையின் அடிகளை எண்ணினார். தாம் நடந்ததையும் தம்மைச் சுமந்து சென்றதையும் அவர் ஒன்றாகக் கருதவில்லை. இன்றைய கருவிகள் தடுமாறும் இடம் இதுவே ஆகும்.

எந்திர நடைமானிகள்

சுவிட்சர்லாந்துக் கடிகாரக் கலைஞரான ஆபிரகாம் லூயி பெரலே 1780 இல் காலடிகளை எண்ணும் கருவி ஒன்றை உருவாக்கினார். ஜப்பானில் 1965 இல் "மான்போ கெய்" என்னும் நடைமானி விற்பனைக்கு வந்தது. இப்பெயருக்கு "பத்தாயிரம் காலடி மானி" என்பது பொருள். நாளுக்கு 10,000 காலடி என்னும் இலக்கு இப்பெயரின் வழியாகவே உலகெங்கும் பரவியது. மருத்துவ ஆய்வின் முடிவாக அந்த எண் முதலில் தோன்றவில்லை.

செயற்படும் முறை

பழைய நடைமானியில் சுருள்வில்லில் தொங்கும் சிறு நெம்புகோல் ஒன்று இருக்கும். காலடி வைக்கும்போது இடுப்பு மேலும் கீழும் அசைய, நெம்புகோல் ஆடி ஓர் எண்ணைக் கூட்டும்.

இன்றைய கருவிகளில் மூன்று திசைகளிலும் அசைவை உணரும் நுண்ணிய முடுக்கமானி உள்ளது. சாதாரண நடையில் நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 120 காலடிகள் வைக்கப்படுகின்றன. இத்தகைய சீரான அலை தென்படும்போது மென்பொருள் அதனை நடை எனக் கொள்கிறது. பல கருவிகள் தொடர்ச்சியாகச் சில காலடிகள் வந்த பின்னரே எண்ணத் தொடங்கும். ஆகவே நின்று நின்று நகரும் வரிசையில் வைத்த காலடிகள் விடுபடலாம்.

மேற்குப் புறநகரில் பயன்பாடு

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர்த் தொடர்வண்டித் தடத்தில் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி ஆகிய நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளன. பூந்தமல்லியில் புறநகர்த் தொடர்வண்டி நிலையம் இல்லை. அங்கிருந்து வருவோர் பேருந்தையும் பங்குத் தானியையும் இரு சக்கர வண்டியையும் நம்பியுள்ளனர். வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற பணியிடங்களுக்கும் நடப்பவரின் நடை பல துண்டுகளாக அமைகிறது. இத்துண்டுகளைச் சேர்த்துக் காட்டுவதே நடைமானியின் பெரும் பயன் ஆகும். எனினும் பின்வரும் பிழைகள் நேரக்கூடும்.

மிகை எண்ணிக்கை: மேடு பள்ளமான சாலையில் இரு சக்கர வண்டியோ தானியோ குலுங்கும்போது சில கருவிகள் அதனைக் காலடியாகக் கொள்கின்றன.

குறை எண்ணிக்கை: கையில் கட்டிய கருவி கையின் வீச்சைப் பெரிதும் சார்ந்தது. கனமான பையைத் தூக்கிக்கொண்டோ, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டோ நடந்தால் எண்ணிக்கை குறையலாம். மெதுவாகவோ கால்களைத் தேய்த்தோ நடக்கும் முதியவர்களின் காலடிகளும் விடுபடுகின்றன. சேலை உடுத்துவோர் செல்பேசியைக் கைப்பையில் வைப்பதால், பையின் ஆட்டத்தைப் பொறுத்து எண் மாறலாம்.

தொலைவுப் பிழை: நிலையத்தின் நடைமேம்பாலப் படியில் ஏறும்போது காலடி எண்ணப்பட்டாலும் முன்னோக்கிய நகர்வு சிறிதே. தட்டை நிலத்தின் காலடி நீளத்தைக் கொண்டு கணக்கிட்டால் தொலைவு கூடுதலாகத் தோன்றும். ஏறிய உழைப்போ கணக்கில் குறையும்.

இப்பிழைகள் வெறும் கணக்குப் பிழைகள் அல்ல. 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நடக்குமாறு மருத்துவர் கூறிய ஒருவர், வண்டி குலுங்கியதால் ஏறிய எண்ணை நம்பி மாலை நடையைக் கைவிடக்கூடும். மாறாக, போதிய அளவு நடந்த முதியவர் ஒருவர் குறைந்த எண்ணைக் கண்டு சோர்வடையவும் கூடும்.

சரிபார்த்தல்

கருவியைச் சரிபார்க்கப் பின்வரும் முறைகள் பயன்படும்.

1. மனத்துக்குள் 100 காலடிகள் எண்ணி நடந்து, கருவியின் எண்ணுடன் ஒப்பிடுதல். ஜப்பானியத் தொழில் தரநிலை 100 காலடிக்கு 3 வரை பிழையை அனுமதிக்கிறது.
2. தன் காலடி நீளத்தைக் கண்டறிதல். 400 மீட்டர் ஓடுபாதை உள்ள திடலில் ஒரு சுற்று நடந்து காலடிகளை எண்ணலாம். 640 காலடிகள் வந்தால் காலடி நீளம் 62.5 செ.மீ. ஆகும். வாகன நெரிசல் மிக்க சென்னை-திருத்தணி நெடுஞ்சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்றவற்றைவிடத் திடலே இதற்குப் பாதுகாப்பானது.
3. வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல். இடையில் கூடிய எண் வண்டியின் குலுக்கமே. அதனை அன்றைய மொத்தத்திலிருந்து கழித்துவிடலாம்.

மேற்கூறிய 62.5 செ.மீ. காலடி உடையவர் 6400 காலடிகளில் 4 கி.மீ. நடக்கிறார். அவருடைய கருவியில் 80 செ.மீ. எனப் பதிவாகியிருந்தால் அது 5.12 கி.மீ. எனக் காட்டும்.

எத்தனை காலடிகள்?

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளை அறிவித்தது. இப்பாதையை 10,000 காலடிகளில் கடக்க ஒருவரது காலடி 80 செ.மீ. இருத்தல் வேண்டும். அது நயின் சிங் பழகிய அதே தப்படி ஆகும். காலடி 60 செ.மீ. உடைய ஒருவருக்கு இப்பாதை சுமார் 13,300 காலடிகள் ஆகிறது. ஆகவே ஒரே வழியில் சேர்ந்து நடந்த இருவரின் எண்களை ஒப்பிடுவது பொருந்தாது.

அமெரிக்காவில் முதிய பெண்களிடையே நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 4400 காலடிகள் நடந்தவர்களிடம் 2700 காலடிகள் நடந்தவர்களைவிட இறப்பு வீதம் குறைவாக இருந்தது. சுமார் 7500 காலடிக்கு மேல் இறப்பு வீதம் மேலும் குறையவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025 இல் வெளியான ஒரு மதிப்பீடு, பலருக்கு 7000 காலடிகள் எட்டக்கூடிய இலக்கு எனக் கருதியது. இவை பெரும்பாலும் நோக்கீட்டு ஆய்வுகள் என்பதால், நடை ஒன்றே காரணம் என இவற்றைக் கொண்டு உறுதி செய்ய இயலாது. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டல் காலடிகளைக் குறிப்பிடவில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி வேகத்திலான நடை மிதமான உழைப்பாகக் கருதப்படுகிறது.

ஒரே கருவியை ஒரே இடத்தில் அணிந்து, வண்டிக் குலுக்கத்தைக் கழித்து, தன் நேற்றைய எண்ணுடன் இன்றைய எண்ணை ஒப்பிடும்போதே நடைமானி மிகுந்த பயன் தருகிறது.

இவற்றையும் பார்க்க

முடுக்கமானி
நீட்டலளவை
நயின் சிங் ராவத்
சென்னைப் புறநகர் இருப்புவழி