கரி துடைத்த மாவு

எருத்தேன்பதியில் பிள்ளைகள் மண்ணில் பிடிக்கும் பொம்மைக்கு ஆயுசு ஒரு நாள்தான். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் மட்டும். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பாளமாய் வெடிக்கும். காலையில் செய்த எருது சாயங்காலம் கால் உடைந்து கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சேர்ந்துகொண்டால் மத்தியானமே முடிந்தது. எருதுக்காகப் பேத்தி அழுத ஒரு நாளில்தான் அவளுக்கு மாவு பிசைந்து கொடுக்க ஆரம்பித்தேன்.

அந்த மாவின் பூர்வீகம் வெகு தூரம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் குடோல் என்றொரு கம்பெனி 1930களில் அதைச் சுவர் துடைப்பதற்காகத் தயாரித்தது. குளிருக்கு வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பார்கள். கரி போய்ச் சுவரில் ஒட்டிய பூக்காகிதத்தில் படியும். நம் அடுப்படி கறுத்தால் பொங்கலுக்கு முன் ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடலாம். காகிதத்தை நனைக்கவே முடியாதே! மாவு உருண்டையைச் சுவரில் ஒற்றி உருட்டிக் கரியை எடுத்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டைச் சூடாக்க எரிவாயு வந்தது. கழுவக்கூடிய வினைல் தாளும் சுவருக்கு வந்தது. மாவுக்கு வேலை போயிற்று. கம்பெனியை நடத்திய ஜோ மெக்விக்கரின் உறவினர் கே ஸுஃபால், நியூ ஜெர்சியில் மழலையர் பள்ளி நடத்தியவர். அவர்தான் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். கடைகளில் விற்ற மாடலிங் களிமண் பிஞ்சு விரலுக்கு இணங்காது, இது இணங்கியது. ‘ப்ளே-டோ’ என்ற பெயரும் அவர் வீட்டில் பிறந்ததுதான். சோப்புச் சரக்கை நீக்கி, வாசனை சேர்த்து, 1956இல் விற்பனைக்கு விட்டார்கள். 1965இல் கிடைத்த காப்புரிமையில் நோவா, ஜோ என்ற இரண்டு மெக்விக்கர்களின் பெயர் இருக்கிறது. அந்த டீச்சரின் பெயர் இல்லை. இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தவர் கண்ணுக்குத்தானே அது தெரிந்தது?

டப்பா கடைக்கு வந்த கையோடு மாவு சமையலறைக்கும் திரும்பிவிட்டது. அதில் இருப்பது பெரும்பாலும் கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் என்றால் எந்த அம்மா சும்மா இருப்பாள்?

நான் செய்வது இப்படி. மைதா இரண்டு டம்ளர், தூள் உப்பு அரை டம்ளர், எண்ணெய் இரண்டு கரண்டி, அரை எலுமிச்சம்பழச் சாறு. கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளற வேண்டும். ஒன்றரை டம்ளர் வரை இழுக்கும். முதன்முதலாக நான் கிளறியபோது பேத்தி எட்டிப் பார்த்து, “ஏனுங் அமுச்சி, கொழுக்கட்டைங்களா?” என்றாள். கேட்டது சரிதான். கொழுக்கட்டைக்கு வெந்நீர் ஊற்றி அரிசி மாவை இளக்குகிற அதே பக்குவம் இது. சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் பரோட்டா மாவு போல இழுத்த இடத்திலிருந்து சுருங்கிக்கொள்ளும். எருதின் கொம்பு நிற்காது.

உப்புதான் இதற்கு உயிர். ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூசணம் அண்டவிடாது. அந்த உப்பாலேயே இது தின்னக் கூடாத மாவும் ஆகிறது. சின்னக் குழந்தை வாயில் போடாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். நாய்க்கு இது விஷம், எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நிறத்துக்கு பீட்ரூட் சாறு, மஞ்சள். எலுமிச்சைப் புளிப்பு இருப்பதால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி மாதிரி சிவந்துவிடும்.

கணவாய்க் காற்றுக்கு மட்டும் இதுவும் தப்பாது. திறந்து வைத்தால் ஓரம் காய்ந்து உதிரும். அதனால் ராத்திரி எருதுகள் எல்லாம் மூடி இறுக்கிய சம்படத்துக்குள் போகும். காலையில் பேத்தி நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, எருதுகளை ஒரே உருண்டையாகப் பிசைந்து, முதல் காலிலிருந்து மறுபடி தொடங்குவாள்.