குடிநோயாளர் துணைக்குழுக்கள்: விழிஞ்ஞம் வட்டாரம்

குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடி உட்கார்ந்து, தத்தம் கதையைச் சொல்லி ஒருவரையொருவர் தாங்கும் குழுக்கள். இவற்றுள் மிகப் பரவலானது ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, பேச்சில் ஏ.ஏ. இக்குறிப்பு அத்தகைய குழுவை விழிஞ்ஞத்திலிருந்து தேடுவோருக்கானது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டிய விழிஞ்ஞம் ஒரு மீன்பிடித் துறைமுக ஊர். லத்தீன் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் கரை. குமரி மாவட்ட மீனவர்களின் வரத்துப்போக்கால் தமிழும் இங்கே புழங்குகிறது. 1956 நவம்பர் வரை குமரிக்கரையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததுதானே.

ஏ.ஏ. பிறந்ததே ஆள் தேடும் முயற்சியில்தான். நியூயார்க் பங்குத்தரகர் பில் வில்சன் குடியை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. 1935 மே மாதம் தொழில் பேரம் முறிந்து, அமெரிக்காவின் ஆக்ரன் நகர விடுதி ஒன்றில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். பட்டியலைப் பார்த்துப் போன் போட்டார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைக் காட்டுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். வில்சன் அவரைத் திருத்தப் போகவில்லை, தான் மறுபடி விழாமலிருக்கவே போனார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. இந்த முறையின் நுட்பம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. பாப் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் ஜூன் 10, இயக்கத்தின் பிறந்தநாள் ஆயிற்று.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் வழியான பன்னிரண்டு படிகளை விளக்கும் நூல் 1939-இல் வந்தது. 1950-இல் ஏற்கப்பட்ட மரபுகள் குழுக்களின் நடைமுறையை வகுத்தன: கட்டணம் கிடையாது, வெளியார் நன்கொடை வாங்குவதில்லை, பத்திரிகையில் உறுப்பினரின் முழுப்பெயர் வராது. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே நுழைவுத் தகுதி. இந்த அடக்கத்தால், தேடுகிறவர் கண்ணில் குழு எளிதில் படுவதில்லை.

இந்தியாவுக்கு இது 1957-இல் வந்தது. தில்லிக்கு வந்திருந்த கனடா நாட்டு உறுப்பினர் ஒருவர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துத் துணை தேடினார் என்பது இயக்கம் சொல்லும் வரலாறு. ஆக்ரன் தொலைபேசியின் வேலையைத் தில்லியில் செய்தித்தாள் செய்தது. தென்னிந்தியாவில் மருத்துவமும் குழுவும் கைகோத்ததில் சென்னை டி.டி.கே. மருத்துவமனைக்குத் தனி இடம் உண்டு. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அந்த நிறுவனம், சிகிச்சையில் குடும்பத்தையும் சேர்த்தது.

கேரளத்தில் குடிக்கு எதிரான பேச்சு இதைவிடப் பழையது. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயணகுரு, கள்ளிறக்குவதைத் தொழிலாகக் கொண்டோர் நிறைந்த தம் சமூகத்தாரையே மதுவைக் கைவிடச் சொன்னார். அரசுகளின் கவனமோ கடைகளின் மேலேயே இருந்தது. 1984-இல் மதுவிற்பனைக் கழகம் வந்தது. 1996-இல் சாராயம் தடைசெய்யப்பட்டது. 2014-இல் ஐந்து நட்சத்திர விடுதிகள் நீங்கலாக பார்களை மூடும் கொள்கை அறிவிக்கப்பட்டு, 2017-இல் அடுத்த அரசால் தளர்த்தப்பட்டது. கடை மூடிய மறுநாள் காலை கை நடுங்குகிறவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அரசின் ஒழுங்கான பதில் 2016-இல் தொடங்கிய ‘விமுக்தி’ திட்டம். மதுவிலிருந்து வரி வசூலிக்கும் கலால் துறையே அதையும் நடத்துகிறது. முரண்தான், ஆனால் பயனுள்ள முரண்.

விழிஞ்ஞத்துக்காரருக்கு விமுக்தியின் ஆலோசனை எண் 14405, நாடு தழுவிய எண் 14446, இரண்டுமே கட்டணமற்றவை. நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் விமுக்தி மையம் உள்ளது. நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்போ, பிதற்றலோடு கூடிய நடுக்கமோ வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் மருத்துவர், பிறகு மீட்டிங் என்பதே சரியான வரிசை.

வலை இழுப்பதும் மீன் ஏலமும் ஒரே கரையில் நடக்கும் ஊரில், பக்கத்துக் கட்டுமரக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் வரத்தான் செய்யும். அதற்குத் தயங்கி வீட்டிலேயே இருப்பதைவிட, பேருந்து ஏறி நகரத்துக் குழு ஒன்றுக்குப் போவது மேல். எந்தக் குழுவும் ஊர் கேட்பதில்லை. பிடிக்காவிட்டால் வேறு குழு பார்க்கலாம். முதல் குழு ஒட்டாததால் முறையே உதவாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ.வும், அதில் சேரத் தூண்டும் வரையறுத்த சிகிச்சைகளும், குடியை அறவே நிறுத்துவதில் பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, சிலவற்றில் மேலாகவே இருந்தன என்றது.

கூட்டங்களில் இருவகை உண்டு. மூடிய கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டும்; திறந்த கூட்டத்தில் மனைவி, மகன், பங்குத்தந்தை என யாரும் உட்காரலாம். குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ குழுக்கள் உண்டு. 1951-இல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். குடிக்கும் கணவர் வர மறுத்தாலும் மனைவி மட்டும் அதில் சேரலாம்.